மலை வேற, ஊரு வேற

முல்லையூர்
28.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மகாலட்சுமி எழுதுகிறேன். நானும் வீடும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்பது என் போனில் வந்து விழுந்து கிடக்கும் உங்கள் அழைப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பு முடியாதவர் இத்தனை தடவை கூப்பிட மாட்டார்.

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் எழுதினால் நான் முடிக்கிறவரை நீங்கள் குறுக்கே வர முடியாது. ஆகவே இனி மலையிலுள்ள உங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்தான் நமக்குத் தபால். டிரைவர் ஜெபராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். காலையில் அவரிடம் கொடுத்தால் நீங்கள் பல் விளக்கும் நேரத்துக்குக் கையில் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சியில் புதிதாக ஒரு திட்டம் போடுகிறார்கள். 'அனைவரையும் உள்ளடக்கிய நகரத் திட்டம்' என்று பெயர். எந்தத் தெரு, எந்தச் சாமி, ஆணா பெண்ணா திருநங்கையா, நடக்க முடிந்தவரா முடியாதவரா என்று பார்க்காமல் எல்லாரும் ஊரில் ஒரே மாதிரி புழங்க என்ன செய்யலாம் என்று கவுன்சிலர்கள் தங்கள் வார்டில் கூட்டம் போட்டுக் கேட்டு எழுதித் தர வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் என்னை நிற்க வைத்தீர்கள். ஜெயித்தது நான், ஆனால் ஊரில் இன்றும் உங்களைத்தான் 'கவுன்சிலர்' என்கிறார்கள். நான் 'கவுன்சிலர் வீட்டம்மா'. நல்ல கூத்து.

கூட்டத்துக்கு நேரம் குறித்ததும் நீங்கள்தான். "சனிக்கெழம ராகுகாலம் கழிச்சு பதினோரு மணிக்கு வையி" என்றீர்கள். வைத்தேன். சமுதாயக்கூடத்தில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, ரோஸ்மில்க் வாங்கி வைத்துக் காத்திருந்தேன். யார் வந்தது? உங்கள் அண்ணன் கருத்தக்கண்ணன், அவர் பின்னால் சில பங்காளிகள், மைக்செட்காரர். ரோஸ்மில்க்கை அவர்களே குடித்து முடித்தார்கள்.

நல்ல நேரம் பார்த்தோமே தவிர ஜீப் நேரம் பார்க்கவில்லை, மாமா. தெற்குத்தெருப் பெண்கள், பள்ளிவாசல் தெருப் பெண்கள் எல்லாரும் விடியுமுன் ஜீப்பேறி ஏலக்காய் எடுக்க மலைக்குப் போய்விட்டார்கள். உங்கள் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான். யாரைச் சேர்த்துக்கொள்வது என்று பேசக் கூடினோமோ, அவர்கள் ஒருத்தர்கூட ஊரில் இல்லை.

அலுவலகத்தில் அதை எப்படி எழுதினார்கள் தெரியுமா? 'தெற்குத்தெரு மக்களுக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.' அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் கூட்டம் போடுகிறேன் என்று ஆணையரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அவர்கள் கீழே இல்லையென்றால் நான் ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மழையில் நனையாதீர்கள்.

உங்கள்
மகாலட்சுமி


தோட்டம்
30.07.2025

அன்புள்ள மகாவுக்கு,

ஊறுகாய் வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். கடிதமும் அப்படித்தான்.

சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி இந்தப் பள்ளத்தாக்கிலேயே நாமாகத்தான் இருப்போம். ஜெபராஜ் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். நேற்று அனுசுயா காலேஜிலிருந்து கூப்பிட்டு, அம்மா ஏன் போன் எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று கேட்டாள். உன் அம்மா என்னை நாடு கடத்திவிட்டாள் என்றேன். அவளும் சிரிக்கிறாள்.

இந்தத் திட்டத்தையெல்லாம் தலையில் போட்டுக்கொள்ளாதே. இப்படி ஏதாவது வரும், போட்டோ எடுப்பார்கள், பீரோவுக்குள் போய்விடும். நான் சொல்கிறேன், எழுதிக்கொள். நகராட்சி வாசலில் சாய்தளம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் சேர்ந்தாற்போல ஓவியம், அதன் கீழே எல்லாரும் கைகோத்து நிற்கிற மாதிரி. திருநங்கைகளுக்குத் தையல் மிஷின். அவ்வளவுதான், கைதட்டிவிடுவார்கள்.

ஜீப்பில் ஏறுகிற வேலை மட்டும் வேண்டாம். கூலிக்குப் போகிற பொம்பளைகளோடு கவுன்சிலர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள்?

இங்கே மழை விடவில்லை. காய் நன்றாகத் திரண்டிருக்கிறது. எடுக்கத்தான் ஆள் போதவில்லை.

அன்புடன்
சுருளிராஜன்


முல்லையூர்
03.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜீப்பில் ஏறினேன். நேற்று உங்கள் தோட்டத்து ஜீப்பில்தான் ஏறினேன். மலையேறியதும் எல்லையில் வரும் மெட்டுச் செக்போஸ்ட்டில் இறங்கி பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். அவ்வளவு தூரம் வந்து உங்களைப் பார்க்காமல் போனதற்கு வருத்தப்படாதீர்கள். பார்த்தால் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

அந்த ஜீப்பில் எப்படித்தான் தினம் போய் வருகிறார்களோ. மடியில் ஒருத்தி, முதுகில் ஒருத்தியின் முழங்கால், கொண்டைஊசி வளைவில் எல்லாரும் என்மேல். அவர்களில் மூத்தவரான மொக்கம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, இது ஓம் புருசன் கூட்டமா, ஓங் கூட்டமா? மொதல்ல அதச் சொல்லு."

"என் கூட்டம்தான்" என்றேன்.

"அப்பச் செரி. கேளு."

அதற்குப் பிறகு என் காது போதவில்லை, மாமா. ஜீப் நிற்கிற இடத்தில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. இருட்டில் புறப்பட்டால் மலையேறித்தான் ஒதுங்க முடியும். உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற ராஜமணியைத் தெரியுமல்லவா? திருநங்கை என்று அவளுக்கு ஊரில் ஒருவரும் வாடகைக்கு வீடு தரவில்லை, உத்தமபாளையத்திலிருந்து தினம் வருகிறாள். "தையல் மிஷின் குடுப்பாகளாம்ல? அத எங்கன போடுறது, ரோட்டுலயா?" என்று கேட்டாள். ஜீப்பே சிரித்தது. எனக்கு உங்கள் யோசனை ஞாபகம் வந்து முகம் சுருங்கிப்போனது.

கடைசியில்தான் வேல்விழி பேசினாள்.

"எம் மகளுக்கு ஆவணியில கல்யாணம் தாயி. கூடத்தக் கேட்டு ஒங்க பெரிய வீட்டுக்குப் போனேன். பெரியவுக வெளிய வந்து, அன்னைக்குத் தேதி இல்லன்னு சொன்னாக. அடுத்த முகூர்த்தம் கேட்டேன். அதுவும் இல்லன்னாக. எங்க தெருவுக்கு என்னைக்குத்தான் தேதி இருந்துச்சு? விசேசம் முடிஞ்சு கூட்டிப் பெருக்க மட்டும் எங்களுக்கு எல்லா நாளும் தேதி இருக்கு."

மாமா, அந்தக் கூடம் நகராட்சி கட்டியது. ஆனால் கட்டிய நாளிலிருந்து சாவி உங்கள் அண்ணன் வீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வெற்றிலை பாக்குத் தட்டோடு போய்க் கேட்டால் நம்மாட்களுக்குச் சாவி கைக்கு வரும். அவர்களுக்குத் தேதி இருக்காது. வாடகை ரசீது மட்டும் நகராட்சி பெயரில்.

ஆகவே என் வார்டின் முதல் பரிந்துரையாக இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடத்துச் சாவி நகராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டும். எந்தத் தெருக்காரர் முதலில் கேட்டாலும் அவருக்குத் தேதி. உள்ளே சமைக்கலாம், பந்தி போடலாம். கக்கூஸும் வீடும் அடுத்தடுத்து. உங்கள் சாய்தளத்தையும் சேர்த்துவிட்டேன். ஆனால் சாய்தளத்தில் ஏறிப் போனால் கதவு திறக்க வேண்டுமே.

உங்கள்
மகாலட்சுமி


தோட்டம்
06.08.2025

மகாலட்சுமிக்கு,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்?

அண்ணன் போன் பண்ணினார். பங்காளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்டார். "ஏலே, ஒம் பொண்டாட்டிய ஒன்னால அடக்க முடியலேன்னா சொல்லு, நாங்க பாத்துக்கிறோம்." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. சாவி எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கிறது. அது இரும்பு இல்லை, எங்கள் குடும்பத்துக்கு ஊர் கொடுத்த மரியாதை. அதைக் கொண்டுபோய் நகராட்சி கிளார்க் மேசையில் போடச் சொல்கிறாய்.

அனுசுயாவை நினைத்துப் பார்த்தாயா? நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா? நம்மாட்களில் யார் நம் வீட்டு வாசல் மிதிப்பார்கள்?

இத்துடன் உன் ராஜினாமாக் கடிதம் இருக்கிறது. உடல்நிலை காரணமாக என்று குமுளியில் டைப் அடித்து வாங்கியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு ஆணையரிடம் கொடுத்துவிடு. மன்றக் கூட்டத்துக்கு முன்னால் கொடுத்துவிடு.

வேல்விழி என் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். அதையும் மறந்துவிடாதே.

சுருளிராஜன்


முல்லையூர்
07.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ராஜினாமாக் கடிதம் கிடைத்தது. என் உடல்நிலைக்கு ஒன்றும் இல்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதிலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நல்ல தாள், மை ஊறவில்லை.

வேல்விழி உங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள் என்பதை எப்படி மறப்பேன்? ஷெட்டில் உங்களுக்குக் கட்டன் காப்பி போடுவது அவள். மத்தியானம் கஞ்சி காய்ச்சி, கொள்ளுத் துவையல் அரைத்து, உங்கள் தட்டில் ஊற்றுவதும் அவள். இத்தனை வருஷம் நீங்கள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஜீப்பில் மொக்கம்மாள் சொன்னார். "மொதலாளி மலையில ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிக் குடிப்பாக. மெட்டு தாண்டிக் கீழ எறங்கிட்டா எங்க தெருவுல பச்சத்தண்ணி வாங்க மாட்டாக." எல்லாரும் சிரித்தார்கள், வேல்விழியும்தான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலையை விட்டு நிறுத்தப்போகிறீர்களா? நிறுத்துங்கள். மறுநாள் ஜெபராஜ் அண்ணன் வெறும் ஜீப்பைத்தான் ஓட்டிக்கொண்டு வருவார். இது என் மிரட்டல் இல்லை, அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். திரண்ட காயை நீங்களும் உங்கள் அண்ணனும் குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுசுயாவிடம் கேட்டேன். "சாவியப் பாத்து வர்ற மாப்பிள்ள எனக்கு எதுக்கும்மா?" என்றாள். உங்கள் மகள்தான், சந்தேகமில்லை, வாய் அப்படி.

'அடக்க முடியலேன்னா நாங்க பாத்துக்கிறோம்' என்றாராமே உங்கள் அண்ணன். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தீர்களே, மாமா. எனக்கு அதுதான் வலிக்கிறது. சாவியைவிட அதுதான்.

மகாலட்சுமி


தோட்டம்
11.08.2025

மகா,

மலை வேற, ஊரு வேற. இதை எப்படி உனக்குப் புரியவைப்பது?

இங்கே மழை, குளிர், அட்டைக்கடி. யார் கையில் சூடாக எது இருக்கிறதோ வாங்கிக் குடிப்போம். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். கீழே இறங்கினால் நாலு பேர் நடுவில் வாழ வேண்டும். நானா இந்த வழக்கத்தை உண்டாக்கினேன்? வேல்விழியை நான் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை, அவளையே கேட்டுப் பார். அவளை நிறுத்தவும் மாட்டேன். கோபத்தில் எழுதிவிட்டேன். அண்ணனிடம் நான் பேசாமல் இருந்ததற்கு என்ன சொல்வது? அவர் முன்னால் எனக்கு எப்போதும் வாய் வராது. உனக்கும் தெரியும்.

திட்டத்துக்கு ஓட்டுப் போடு. கக்கூஸ் கேள், வீடு கேள், நானே ஆள் பிடித்துத் தருகிறேன். சாவியை மட்டும் விட்டுவிடு. வேல்விழி மகள் கல்யாணத்துக்குச் சின்னமனூரில் மண்டபம் பேசி, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மன்றக் கூட்டத்தில் அண்ணன் பார்வையாளர் பெஞ்சில் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசு. அதையும் மீறினால், நான் இறங்கி வரும்போது அந்த வீட்டில் நீ இருப்பாயா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

சுருளிராஜன்


முல்லையூர்
21.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி உங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

முதலில் அலுவலகம் தயாரித்த வரைவைப் படித்தார்கள். சாய்தளம், ஓவியம், தையல் மிஷின். நீங்களே உட்கார்ந்து எழுதின மாதிரி இருந்தது. ஓவியத்துக்கு ஒருவர்கூட ஆட்சேபணை சொல்லவில்லை. சுவரில் கைகோத்து நிற்கிறவர்களுக்கு இலை போட வேண்டியதில்லை பாருங்கள்.

என் பரிந்துரை அதில் இல்லவே இல்லை. எழுந்தேன். ஜீப்பில் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தலைவர் குறுக்கே புகுந்து, "இதுல சுருளிராஜன் என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

"அவரு ஓட்டு வாங்கலண்ணே. நாந்தான் வாங்குனேன்" என்றேன்.

பெண் கவுன்சிலர்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் பள்ளிவாசல் தெருவின் மறுபாதி வார்டு கவுன்சிலர் எழுந்து, தன் தங்கை நிக்காஹுக்கும் தேதி இல்லை என்று சொல்லப்பட்டதைச் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த புருஷன்மார் செருமிப் பார்த்தார்கள். ஒருத்திகூடத் திரும்பவில்லை. கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது, மாமா. சாவியோடு சேர்த்துத்தான்.

சாவியைக் கேட்டு ஆள் அனுப்பினால், உங்கள் அண்ணன் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். நேற்று வரை ஆணியில் தொங்கியது! விடுவேனா? ஆணையரின் உத்தரவை வாங்கிக்கொண்டு, வெல்டிங் பட்டறையிலிருந்து ஒச்சாண்டியைக் கூட்டிப் போய்ப் பூட்டை அறுத்தோம். பொறி பறந்தது. தெருவே நின்று பார்த்தது. உங்கள் அண்ணன் வீட்டு ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தது.

சின்னமனூர் மண்டபத்தைப் பற்றி வேல்விழியிடம் சொன்னேன். "எங்க ஊருல கூடம் இருக்கைல நாங்க எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்?" என்றாள்.

29ஆம் தேதி வெள்ளிக்கிழமை கல்யாணம். நான் பந்தியில் சாப்பிடப்போகிறேன். நீங்களும் வாருங்கள். இது சண்டைக்கு எழுதுவது இல்லை, மாமா. ஆசையாகக் கூப்பிடுகிறேன். என் பக்கத்தில் உங்களுக்கு ஒரு இலை போடச் சொல்வேன்.

மகாலட்சுமி


தோட்டம்
01.09.2025

அன்புள்ள மகாவுக்கு,

நான் வந்தேன். உனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு ஜெபராஜ் ஜீப்பில் இறங்கினேன். கூடத்து வாசலில் வாழைமரம் தெரிந்தது, மேளச் சத்தம் கேட்டது. தெருமுக்கில் அண்ணன் நின்றிருந்தார். ஒன்றும் திட்டவில்லை. "ஏலே, வீட்டுக்கு வா. சாப்புட்டுப் போவ" என்று தோளில் கை போட்டார். போய்விட்டேன். அங்கே சாப்பிட்டுவிட்டு அப்படியே மலையேறிவிட்டேன். சோறு இறங்கவே இல்லை.

இன்று வேல்விழி வேலைக்கு வந்தாள். கையில் மருதாணி, முகத்தில் கல்யாண வீட்டுக் களைப்பு. மத்தியானம் எப்போதும் போலக் கஞ்சியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஏன் வரலை என்று கேட்கவில்லை. "ஆறிப்போகும், குடிங்க" என்றாள். என்னால் தட்டைத் தொட முடியவில்லை, மகா. அவள் திட்டியிருந்தால் குடித்திருப்பேன்.

நான் பயந்தவன்தான். எழுதிவிட்டேன், போதுமா? காய் எடுப்பு முடியட்டும், வீட்டுக்கு வருகிறேன். நடந்ததை விட்டுவிடுவோம். பழைய மாதிரி இருப்போம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அன்புடன்
சுருளி


முல்லையூர்
03.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முக்கு வரைக்கும் வந்தவருக்கு இன்னும் இருபது அடி நடக்க முடியவில்லை. உங்களுக்குப் போட்ட இலை கடைசிவரை காலியாகவே கிடந்தது. பிறகு ராஜமணி வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். இலை வீணாகவில்லை.

எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் பழைய மாதிரி இருக்க எனக்கு வராது. நகராட்சிக்கு ஒரு திட்டம், என் வீட்டுக்கு வேறொரு திட்டம் என்று வைத்துக்கொண்டு நான் மன்றத்தில் எழுந்து நின்று பேச முடியாது.

வீட்டில் இருப்பாயா என்று கேட்டிருந்தீர்கள். இருப்பேன். இது என் அப்பா கொடுத்த இடத்தில் கட்டிய வீடு. உங்கள் அண்ணனுக்கும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேல்விழி மகளுக்கும் மருமகனுக்கும் இங்கே விருந்து வைத்திருக்கிறேன். கல்யாணமான ஜோடியை உறவுக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரியே முறையாகப் போய், பூவும் பழமும் வைத்து அழைத்துவிட்டேன். நடு வீட்டில்தான் இலை. அன்றைக்கு வேல்விழி அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சமையல் நான். பரிமாறத்தான் ஆள் வேண்டும்.

வருவதாக இருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இலை போடுங்கள். மாப்பிள்ளைக்கு முதல் சோறு உங்கள் கையால் வையுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்க என்று உபசாரம் சொல்லுங்கள். உங்களுக்கு வாய் வராத இடம் உங்கள் அண்ணன் முன்னால்தான். நம் வீட்டில் வரும்.

அது முடியாதென்றால் மலையிலேயே இருங்கள். அங்கே வேல்விழி கஞ்சி ஊற்றுவாள், அவள் மனசு பெரிது. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

மகாலட்சுமி
கவுன்சிலர்